முதிய நாயின் வலிக்குக் காரணம் தேடப் போகும் பிள்ளைக்கு



உன் வீட்டு நாய் இஸ்தோப்புப் படியில் ஏறத் தயங்குகிறது, காலையில் எழும்பும்போது முனகுகிறது என்றாய். கேட்டவர்கள் எல்லோரும் "வயசு போயிருச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்களாம். தேயிலைத் தோட்டத்தில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் அது. அந்தப் பதிலோடு நின்றுவிடாமல் நீ என்னிடம் கேட்டது எனக்குச் சந்தோஷம். பசறைப் பக்கத்து லயங்களிலும், பிறகு பதுளை டவுனிலும் நாய்களோடே காலத்தைக் கழித்தவள் நான். அவற்றை வளர்த்தவர்கள் பட்ட பாட்டையும், தெரியாமல் விட்ட பிழைகளையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதில் தேறியதை உனக்குச் சொல்கிறேன்.

1. வயதை நோயென்று எண்ணாதே. வயது வரும்போது கூடவே சில நோய்கள் வரும். அந்த நோய்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. மூட்டுத் தேய்மானம் இருக்கலாம். முழங்காலின் தசைநார் அறுந்திருக்கலாம். முதுகெலும்பின் தட்டு விலகி நரம்பை அழுத்தலாம். பெரிய சாதி நாயென்றால் எலும்பில் புற்றுநோயும் வரலாம். வளைந்து வளர்ந்த நகம் பாதச் சதைக்குள் குத்திக்கொண்டிருப்பதும் உண்டு. இவற்றில் சில குணமாகும், சில தணியும், சிலவற்றுக்குப் பெயர் மட்டும்தான் கிடைக்கும். நம் தோட்டத்துப் பெண்கள் சரிவான மலையில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கி, முழங்கால் வீங்கியபோதும் "குளிருக்கு அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போனார்கள். வலியைப் பொறுப்பதே வாழ்க்கை என்று பழகிய சனம் நாம். அந்தப் பழக்கத்தை ஒரு வாயில்லாச் சீவன் மேல் சுமத்தாதே.

2. வால் ஆடுவதைப் பார்த்து ஏமாறாதே. நாலடியாரில் நட்பைப் பற்றிய பாட்டொன்றில், எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதே எசமானைக் கண்டு வாலாட்டும் நாய் வருகிறது. அந்தக் காலத்துப் புலவர் நாயின் அன்பைச் சொல்ல வந்தார். எனக்கு அதில் நாயின் வலியும் தெரிகிறது. உன்னைக் கண்டதும் அது வாலாட்டும், ரொட்டித் துண்டைக் கண்டதும் எழும்பி வரும். வலியே இல்லையென்று அதற்கு அர்த்தமில்லை. சூடில்லாத இடத்தில் மூச்சு வாங்குவது, இரவில் இடம் மாற்றி மாற்றிப் படுப்பது, ஒரே மூட்டை ஓயாமல் நக்குவது, முதுகில் கை வைத்தால் திரும்பிப் பார்ப்பது, பிள்ளைகளிடம் திடீரென்று உறுமுவது, இவையெல்லாம்தான் அதன் பேச்சு. குணம் கெட்டுப்போன நாய் என்று ஊர் சொல்வதில் பாதி, வலி தாங்காத நாய்தான்.

3. மருத்துவர் பார்க்குமுன் நீ பார். வருடக் கணக்காக அதோடு வாழ்கிறவன் நீ. அவருக்குக் கிடைப்பது சில நிமிடம். சம தரையில் யாரையாவது நடத்திக் கூட்டிப் போகச் சொல்லி, பின்னாலும் முன்னாலும் பக்கத்திலும் நின்று பார். முன்காலில் வலியென்றால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். பின்கால்கள் வலித்தால் பாரத்தை முன்னுக்குத் தள்ளும். நாளாக நாளாகத் தொடை மெலிந்து, மார்பும் தோளும் தடிக்கும். இரண்டு தொடையையும் இரண்டு கையால் பிடித்துப் பார், எது மெலிந்தது என்று உன் விரலே சொல்லும். படுத்து எழும்பும்போது விறைத்து, கொஞ்சம் நடந்தபின் இலகுவானால் மூட்டைச் சந்தேகி. போனில் வீடியோ எடுத்து வை. வீட்டில் நொண்டிய நாய், ஆஸ்பத்திரிக்குள் போனதும் பயத்தில் நேராக நடந்து காட்டும்.

4. வலிக்கிறதா, வலுவில்லையா என்று பிரித்தறி. இந்த ஒரு கேள்வி பாதித் தூரத்தைக் கடக்க வைக்கும். நகங்களைத் திருப்பிப் பார். பின்கால் நகத்தின் மேற்பக்கம் தேய்ந்து, சில நேரம் இரத்தமும் கசிந்திருந்தால், அது பாதத்தை இழுத்து நடக்கிறது. நாயை நிற்க வைத்து, வயிற்றுக்குக் கீழே ஒரு கையால் தாங்கி, பின்பாதத்தை மெதுவாக மடக்கி, பாதத்தின் மேற்பக்கம் தரையில் படும்படி வை. நல்ல நரம்புள்ள நாய் உடனே பாதத்தை நேராக்கிவிடும். அது பாதத்தை மடங்கியபடியே விட்டு வைத்தால் கோளாறு மூட்டில் மட்டும் இல்லை, நரம்பிலும் இருக்கக்கூடும். அல்சேஷன் நாய்களுக்கு முதுமையில் தண்டுவடம் மெல்ல நலிந்து, வலியே இல்லாமல் இடுப்பு தள்ளாடும் நோயொன்று உண்டு. அதற்கு வலி மாத்திரை கொடுத்து என்ன பயன்? பார்த்ததைக் கலண்டரில் தேதியோடு குறித்து வை. ஞாபகம் அன்புக்கு ஏற்றபடி வளையும், எழுத்து வளையாது.

5. உண்ணியை மறந்துவிடாதே. தேயிலைக்கும் மானாப் புல்லுக்கும் நடுவே திரியும் நம் நாய்களுக்கு உண்ணி புதிதல்ல. எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகளை உண்ணி இரத்தத்தில் சேர்க்கும். காய்ச்சல் வரும், உடல் சோரும், இரத்தம் குறையும். எர்லிக்கியாவில் மூட்டுகளும் வீங்கி, இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று நொண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பார். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் தாமதிக்காதே. நாயின் இயல்பான சூடு பாரன்ஹீட்டில் 101 முதல் 102.5 வரை இருக்கும். மனிதச் சூட்டோடு ஒப்பிட்டுக் காய்ச்சலென்று பயப்படாதே. எங்கள் லயத்தில் ஒரு கிழட்டு நாயை "இனி அவ்வளவுதான்" என்று குசினி மூலையில் விட்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் பிடிவாதமாகத் தூக்கிக்கொண்டு போய் இரத்தம் சோதித்தான். உண்ணிக் காய்ச்சல். மருந்து முடியுமுன்னே அது கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை நடந்து போனது. அந்தப் பையனுக்கு மருத்துவ அறிவு இல்லை. விட்டுவிட மனமில்லை, அவ்வளவுதான்.

6. வீட்டு மாத்திரையைக் கொடுக்காதே. நம் வீடுகளில் பனடோல் இல்லாத அலுமாரி இல்லை. முழங்கால் வலிக்கு வாங்கிய டைக்ளோபினாக்கும், இபுபுரூபனும் கூடவே கிடக்கும். அன்பினால்தான் கொடுக்கிறார்கள், அன்பு அளவு அறியாது. இபுபுரூபனும் டைக்ளோபினாக்கும் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பனடோல் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். மாத்திரை கொடுத்த மறுநாள் தார் போலக் கறுத்த மலத்தோடு சுருண்டு கிடந்த நாயை நான் பார்த்திருக்கிறேன். வலி தீர வேண்டுமென்று கொடுத்தவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கால் வலித் தைலத்தையும் பூசாதே, நக்கி விழுங்கிவிடும். தெரியாமல் எதையாவது கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதே. வலி குறைக்கும் மருந்துகள் பலவற்றை ஸ்டீரொய்டோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. முன்பு போட்ட ஊசி எதுவென்று சொன்னால்தான் அவர் தப்பாமல் எழுத முடியும். மானத்தைக் காப்பாற்றப் போய் நாயை இழக்காதே.

7. மருத்துவரை மதி, கேட்கவும் தயங்காதே. அரச மிருக வைத்திய அலுவலகத்தில் பெரும்பாலும் மாடு ஆடுகளோடுதான் வரிசை நிற்கும். கிழட்டு நாயோடு போய் நிற்பதில் கூச்சம் வேண்டாம். வலி எந்த இடத்தில், வேறு என்னவாகவும் இருக்கலாம், மருந்து தொடங்குமுன் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தச் சோதனை வேண்டுமா, எத்தனை நாளில் மாற்றம் தெரிய வேண்டும் என்று பணிவாகக் கேள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். நரம்பையும் தசைநாரையும் காட்டாது. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டு குறைவாக வலிக்கலாம், நல்லதாகத் தெரிவது கூடுதலாக வலிக்கலாம். இடுப்பைப் படமெடுக்கக் காலை நீட்டிப் பிடிக்க வேண்டும், அதனால்தான் மயக்க ஊசி போடுகிறார்கள், பயப்படாதே. மருத்துவர் சிங்களம் மட்டும் பேசுகிறவராக இருந்து, அதில் நோயைச் சொல்ல நீ தடுமாறினால் நன்றாகப் பேசும் ஒருவரைக் கூட்டிப் போ. பாதி விளங்கிய பதிலோடு திரும்பி வராதே.

8. தூரத்துக்கு அஞ்சாதே; பயணத்தை இலேசாக்கு. இங்கே விடை கிடைக்காவிட்டால் எங்கே அனுப்பலாம் என்று மருத்துவரிடமே கேள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தோடு போதனா வைத்தியசாலை ஒன்று இருக்கிறது. பதுளையிலிருந்து மகியங்கனை வழியே பதினெட்டு வளைவு ஏறிப் போனாலும், நுவரெலியா வழியே போனாலும், மலைப் பாதையின் ஒவ்வொரு திருப்பமும் நோகும் முதுகுக்குத் தண்டனை. வேன் தரையில் சாக்குகளை அடுக்கி, மேலே பழைய கம்பளியை விரித்து, பக்கத்தில் நீயே உட்கார்ந்து இடுப்பைத் தாங்கிக்கொள். நடுவில் இறக்கித் தண்ணீர் கொடு. செலவு பெரிதுதான், நாட்சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு அது சின்னக் கணக்கல்ல. முடியாதென்றால் குற்றவுணர்வில் உருகாதே. பக்கத்து மருத்துவரோடு முடிந்ததைச் செய்வதும் கடமை நிறைவேற்றுவதுதான்.

9. எதற்குப் பொறுமை, எதற்கு அவசரம் என்று தெரிந்து வை. மெல்லக் கூடும் நொண்டலைச் சில நாள் குறித்துப் பார்த்துவிட்டுப் போகலாம். நேற்று நடந்த நாய் இன்று பின்காலை இழுத்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, வலியில் கத்தினாலோ அன்றைக்கே கொண்டு போ. இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பின்கால் தள்ளாட்டத்தோடு எச்சில் வடிதல், தாடை தொங்குதல், விழுங்க முடியாமை, குணமாற்றம் சேர்ந்தால் அது விசர் நோயாக இருக்கக்கூடும். விசர் நாயெல்லாம் ஓடிக் கடிக்காது. சோர்ந்து முடங்கிப் போவதும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியதென்று வாய்க்குள் கை விடாதே. கடியோ கீறலோ பட்டால், புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டால், ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு, தோலென்றால் சவர்க்காரமும் போடு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. வருடா வருடம் விசர்த் தடுப்பூசி போட்டு வைத்தால் இந்தப் பயம் பெருமளவு நீங்கும்.

10. மருந்தோடு வீட்டையும் மாற்று. முதலில் எடையைக் குறை. அமெரிக்காவில் லாப்ரடோர் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்தே சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைத்து உணவு கொடுத்துப் பார்த்தார்கள்; 2002இல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் பிந்தித்தான் வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு தேங்காய் ரொட்டி கொடுப்பதை நிறுத்து. வழுக்கும் சிமெந்துத் தரையில் சாக்கு விரி, நகத்தை வெட்டு, தூர நடையைச் சின்னச் சின்ன நடைகளாகப் பிரி. மார்கழி, தையில் அப்புத்தளையிலும் நமுனுகுல மலையிலும் மழையும் குளிரும் எலும்பைத் துளைக்கும். ஈரமில்லாத மூலையும் ஒரு கம்பளியும் கொடு. இரவில் வெளியே கட்டிப் போடாதே. மலைநாட்டுத் தோட்டங்களுக்குள் சிறுத்தை வரும். ஓட முடியாத நாய்தான் அதற்கு முதலில் அகப்படும்.

11. விடை கசந்தாலும் முகத்தைத் திருப்பாதே. சில நாய்களுக்கு மருத்துவர் சொல்லும் பெயர் நல்ல பெயராக இராது. அப்போதும் தேடியது வீணில்லை. எதைத் தணிக்க வேண்டும், எதை ஏற்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்துவிடும். அது விரும்பித் தின்கிறதா, தானாக எழும்பி வெளியே போகிறதா, வலியின்றித் தூங்குகிறதா, உன்னைக் கண்டு மகிழ்கிறதா என்று நாள்தோறும் பார். கெட்ட நாட்கள் நல்ல நாட்களை மிஞ்சினால், ஊசி போட்டு அமைதியாக அனுப்புவது பற்றி மருத்துவரிடம் மனம் திறந்து பேசு. பாவமென்று பேசுகிறவர்கள் இரவில் அதன் முனகலைக் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அறைக்கு வெளியே நின்றுவிடாதே. அதற்குத் தெரிந்த கை உன் கை மட்டும்தான்.

பிள்ளை, இத்தனையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்று அதன் நடையைப் பார்த்து எழுதி வை. கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும் மாத்திரைகளை எடுத்து ஒதுக்கு. இந்தக் கிழமைக்குள் மிருக வைத்தியரிடம் கூட்டிப் போய், "வயசு தெரியும் டொக்டர், நோய் என்னவென்று சொல்லுங்கள்" என்று கேள்.