பெட்ரோல் பட்ட சட்டை

மைசூர் யாதவகிரியில் ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. அதன் பெயர் ஐடியல் ஜாவா. ஜாவா, யெஸ்டி வண்டிகள் அங்கேதான் தயாராயின. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் அந்தப் பழைய வண்டிகளில் பல இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள்.

இந்த வண்டிகளுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். அப்படி ஒரு வண்டியை ஒரு மெக்கானிக் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டேங்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றுகிறார். பெட்ரோல் குபுக்கென்று சட்டையில் கொட்டுகிறது. "காற்றில் காய்ந்துவிடும்" என்று வேலையைத் தொடர்கிறார். பிறகு அதே சட்டையோடு வீட்டுக்குள் போகிறார். வீட்டில் அடுப்பு எரிகிறது.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

பெட்ரோல் எப்படி எரிகிறது? பெட்ரோலிலிருந்து எப்போதும் ஆவி வந்துகொண்டே இருக்கும். அந்த ஆவிதான் முதலில் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 40 டிகிரி சூடேறினால்தான் எரியும் அளவுக்கு ஆவி வரும். பெட்ரோலுக்குச் சூடே வேண்டாம். பனி உறையும் குளிரிலும் அதன் ஆவி தீப்பிடிக்கும். மைசூர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது. தண்ணீர் போலத் தரையோடு பரவும். நாம் அடுப்பை எங்கே வைக்கிறோம்? பல வீடுகளில் தரையில்தான். சாமி விளக்கும் தரையில்தான் எரிகிறது. சட்டை வாசல் பக்கம் கிடந்தாலும் ஆவி அடுப்பைத் தேடிப் போகும்.

பாகிஸ்தானில் பஹவல்பூர் அருகே 2017 ஜூன் 25 அன்று ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்தது. கொட்டிய பெட்ரோலைப் பிடிக்க மக்கள் பாத்திரங்களோடு ஓடி வந்தார்கள். திடீரென்று தீப்பிடித்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே கொட்டியது ஒரு லாரி பெட்ரோல். நம் மெக்கானிக் சட்டையில் இருப்பது ஒரு டம்ளர்தான். ஆனால் அந்த ஒரு டம்ளர் அவர் உடம்போடு ஒட்டி இருக்கிறது.

அந்த மெக்கானிக்கின் மனைவி விவரம் தெரிந்தவர். வாசலிலேயே வாசனை பிடித்துவிட்டார்.

"என்னங்க, அங்கேயே நில்லுங்க. உள்ளே வராதீங்க. அடுப்பு எரியுது."

"சட்டையைக் கழற்றிப் போட்டுட்டு வர்றேன்."

"இருங்க. முதல்ல தண்ணி ஊத்தறேன்."

அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை வெளியே எடுத்து வந்து சட்டையில் ஊற்றினார். எதற்காக? டெரிகாட்டன், நைலான் சட்டையைக் கழற்றும்போது 'படபட' என்று சத்தம் கேட்கும். இருட்டில் சின்னப் பொறிகூடத் தெரியும். பெட்ரோல் ஆவிக்கு அந்தப் பொறி போதும். துணியை நன்றாக நனைத்துவிட்டால் பொறி வராது. அதன்பிறகு கழற்றலாம். உடம்பில் பெட்ரோல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். இல்லையென்றால் தோல் எரியும், கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவி, டாக்டரிடம் போக வேண்டும். பீடி பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

இனி சட்டை. அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அழுக்குக் கூடையில் மற்றத் துணிகளோடு போடக் கூடாது. வெளியே, நிழலில், காற்று வரும் இடத்தில் தனியாகக் கொடியில் விரித்துப் போட வேண்டும். சுருட்டி வைத்தால் ஆவி உள்ளேயே நிற்கும். வாசனை முழுதும் போகும்வரை விட வேண்டும். ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். வாசனை போய்விட்டதா என்று மெக்கானிக்கைக் கேட்காதீர்கள். அவர் மூக்குக்குப் பெட்ரோல் பழகிவிட்டது. வீட்டில் வேறு யாராவது பார்த்துச் சொல்லட்டும். வாசனை மிச்சம் இருந்தால் கொஞ்சம் ஆப்பச் சோடாவைத் தூவி, மறுபடி காற்றாட விடலாம்.

பெட்ரோல் ஆவியாகப் போய்விடும். ஆயில் போகாது. மஞ்சளாகவோ கறுப்பாகவோ கறை தெரியும். பாத்திரம் கழுவும் சோப்பை அந்தக் கறையில் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு கை பொறுக்கும் வெந்நீரில் கசக்க வேண்டும். வெந்நீரை வாளியில் வெளியே எடுத்து வந்து துவைக்க வேண்டும். துணியை அடுப்பில் போட்டு வேகவைக்கவே கூடாது. வாஷிங் மிஷின் இருந்தாலும் வாசனை இருக்கும்வரை அதில் போடக் கூடாது. மிஷினுக்குள் மின்சாரப் பொறி வரும். கறை ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று தடவை ஆகும்.

இஸ்திரி வண்டிக்காரரிடம் அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாது. அவர் பெட்டிக்குள் நெருப்புக் கரி இருக்கிறது.

சிலர் வேறு மாதிரி செய்கிறார்கள். மைசூர்ப் பட்டுச் சேலையில் எண்ணெய் பட்டால், பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வந்து வீட்டிலேயே துடைக்கிறார்கள். 'பெட்ரோல் வாஷ்' என்று அதற்குப் பெயர். பெட்ரோல் எண்ணெயைக் கரைக்கும் என்பது உண்மைதான். அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சலவைக் கடைகளும் பெட்ரோலில்தான் துணி வெளுத்தன. கடைகள் தீப்பிடித்தன. அதனால்தான் பிறகு தீப்பிடிக்காத திரவங்களுக்கு மாறினார்கள். கடைக்காரர்களே விட்டுவிட்ட வேலையைச் சமையலறையில் செய்வானேன்? பட்டுச் சேலையை டிரை கிளீனிங் கடையில் கொடுத்து, என்ன கறை என்று சொன்னால் போதும்.

இவ்வளவு கவனித்தும் யார் துணியிலாவது தீப்பிடித்தால்? ஓடக் கூடாது. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் மூடி அணைக்கலாம். தீ அணைந்ததும் சுட்ட இடத்தில் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை விட வேண்டும். ஐஸ் வேண்டாம். மை, பற்பசை, நெய் எதுவும் தடவ வேண்டாம். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். வளையல், மோதிரத்தை மட்டும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். ஒருவர் தண்ணீர் விடும்போதே இன்னொருவர் ஆம்புலன்சுக்கு 108-ஐ அழைக்க வேண்டும். மைசூரில் கே.ஆர். ஆஸ்பத்திரி அரசு ஆஸ்பத்திரி. ராத்திரியானாலும் அங்கே போகலாம்.