டோபி காட்டிலிருந்து ஐஸ் ஹாக்கிக்கு: எந்த வயதில் எந்தப் பாதை

தொழில்முறை ஐஸ் ஹாக்கியில் ஆட்டக்காரரின் ஒவ்வொரு படிக்கும் ஒரு வயது உண்டு. 13 வாக்கில் முழுநேரப் பயிற்சி, 16-இல் இளையோர் லீக், 18-இல் நேஷனல் ஹாக்கி லீக் எனப்படும் என்எச்எல்லின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், இருபதைத் தாண்டியதும் முதல் ஒப்பந்தம், 27-இல் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை என்று அந்த வரிசை போகிறது. சிங்கப்பூரில் டோபி காட் வட்டாரத்தில் வளரும் ஆண்பிள்ளைக்கு இதனுடன் இன்னொரு கணக்கும் சேர்கிறது: 18 வயதில் தொடங்கும் ஈராண்டுத் தேசிய சேவை. எனவே பாதைகளை ஒப்பிடும் குடும்பம் பிள்ளையின் திறமையை எடைபோடும் முன்பே இந்த இரண்டு கணக்குகளும் எங்கே மோதுகின்றன என்று பார்த்துக்கொள்வது நல்லது. பெண்பிள்ளைகளுக்கு இந்த மோதல் இல்லை. அவர்களுடைய பாதை கீழே தனியாகச் சொல்லப்படுகிறது.

பன்னிரண்டு வயதுவரை

இந்தப் பருவத்தில் சறுக்கக் கற்பதுதான் முக்கியம். கோல் கணக்கும் கோப்பையும் பின்னால் வரலாம். ஜூரோங் ஈஸ்ட்டில் ஜேகியூப் கடைத்தொகுதிக்குள் 2012 முதல் இருந்த ஒலிம்பிக் அளவுப் பனித்திடல் 2023 ஆகஸ்ட்டில் மூடப்பட்டது. டோபி காட்டில் ரயிலேறி, சிட்டி ஹாலில் மாறி, பள்ளி முடிந்த கையோடு போய்வரக்கூடிய தூரத்தில் அது இருந்தது. சிங்கப்பூர் ஐஸ் ஹாக்கிக்கு அது பெரிய இழப்பு. 2017 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கோலாலம்பூருக்கு அருகே டாமன்சாராவில் அதே அளவில் ஒரு திடல் கட்டப்பட்டது. ஆனால் வாரந்தோறும் எல்லை கடந்து பயிற்சிக்குப் போவது சிறு பிள்ளைக்குக் கட்டுப்படியாகாது.

பெரிய திடல் இல்லை என்பதற்காக இந்த வயதில் யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆஸ்டன் மேத்யூஸ் அரிசோனாவின் பாலைவன நகரமான ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்தவர். அணிக்கு மூவராக ஆடும் சிறிய திடலில் நெருக்கத்திலேயே பழகியதால் அவருடைய கை வேகமும் திரும்பும் வேகமும் கூர்மையாயின. 2016 டிராஃப்ட்டில் முதல் பெயராக டொராண்டோ அணி அவரைத்தான் அழைத்தது. முதல் என்எச்எல் ஆட்டத்திலேயே அவர் நான்கு கோல் போட்டார். என்எச்எல் திடலின் நீளம் 200 அடி, அகலம் 85 அடி. பன்னிரண்டு வயதுக்குள் அவ்வளவு இடம் கட்டாயமில்லை. சக்கரக் காலணி ஹாக்கியும் இந்தப் பருவத்தில் கைகொடுக்கும். பந்தைக் கையாளுவதும் சக ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைக் கணிப்பதும் அதில் படியும். பனிமேல் திடீரென நிற்கும் கால் வித்தை மட்டும் அதில் வராது.

பதின்மூன்று வயது: போவதா, இருப்பதா

மிகக் கடினமான முடிவு இதுதான். இது பெற்றோரின் முடிவும்கூட.

போவதற்கு முன்னுதாரணமாக ஆண்டோங் சாங்கைச் சொல்லலாம். பெய்ஜிங்கில் பிறந்த அவர் சிறுவயதிலேயே குடும்பத்தோடு கனடாவுக்குப் பெயர்ந்தார். பிறகு அமெரிக்காவில் லாரன்ஸ்வில் உறைவிடப் பள்ளியில் ஆடினார். 2015-இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி அவரை ஆறாவது சுற்றில் 172-ஆவது பெயராக அழைத்தபோது, சீனாவில் பிறந்து என்எச்எல் டிராஃப்ட்டில் இடம்பெற்ற முதல் ஆட்டக்காரர் ஆனார். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். என்எச்எல்லில் ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. குடும்பமே நாடு மாறினாலும் டிராஃப்ட்வரை வருவதே அரிது, அதற்கு மேல் போவது அதனினும் அரிது என்பதை இதிலிருந்து பெற்றோர் தெரிந்துகொள்ளலாம்.

சிங்கப்பூர்க் குடும்பத்துக்குச் சட்டப் பக்கமும் உண்டு. தேசிய சேவைக்குக் கடப்பாடுள்ள ஆண்பிள்ளை 13 வயதுக்குப் பிறகு நீண்ட காலம் வெளிநாட்டில் தங்க அரசாங்க அனுமதி பெற வேண்டும். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தங்கினால் பொதுவாகப் பிணை வைக்க வேண்டும். பிணைத்தொகை 75,000 வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் கூட்டு ஆண்டு வருமானத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அது. குடிமக்களுக்கும், பெற்றோர் வழியே நிரந்தரவாசத் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வேலை அனுமதியில் வந்த இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தேசிய சேவை இல்லை. எனவே ஒரே அடுக்குமாடியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு பையன்களுக்கு இந்த வயதில் முற்றிலும் வேறு வேறு வழிகள் திறந்திருக்கலாம்.

வெளிநாட்டில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பை முடிக்கத் தேசிய சேவைத் தள்ளிவைப்பு கிடைப்பதுண்டு. பல்கலைக்கழகப் படிப்புக்குக் கிடைப்பதில்லை. விளையாட்டுக்காகத் தருவது மிக அபூர்வம். நீச்சல்காரர் ஜோசப் ஸ்கூலிங்குக்கு 2013-இல் கிடைத்தது. அவர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணியில் 50.39 விநாடியில் தங்கம் வென்றார். ஃபுல்ஹாம் அணியோடு தொழில்முறை ஒப்பந்தம் செய்த காற்பந்து ஆட்டக்காரர் பென் டேவிஸுக்கு 2018-இல் மறுக்கப்பட்டது. நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கம் வெல்லும் வாய்ப்பைத் தற்காப்பு அமைச்சு ஒரு விதமாகவும் தனிப்பட்ட தொழில் ஒப்பந்தத்தை வேறு விதமாகவும் பார்க்கிறது. ஐஸ் ஹாக்கியில் சிங்கப்பூர் ஒலிம்பிக் பதக்கத்துக்கு அருகில்கூட இல்லை. தள்ளிவைப்பை நம்பித் திட்டம் போடும் குடும்பம் பிள்ளையின் பதின்ம வயதையே பணயம் வைக்கிறது.

இளையோர் லீக்கா, கல்லூரியா, ஐரோப்பாவா

கனடாவின் மூன்று பெரிய இளையோர் லீக்குகளும் 16 முதல் 20 வயதினருக்கானவை. ஆட்டங்கள் அதிகம், பேருந்துப் பயணம் நீளம், வாழ்க்கை தொழில்முறை அணியில் இருப்பதுபோலவே கழியும். வெளிநாட்டவருக்கு ஒவ்வோர் அணியிலும் சில இடங்களே உண்டு. 18-இலேயே டிராஃப்ட்டில் அழைக்கப்படும் தரம் கைவந்தவருக்கு இது பொருத்தமான இடம். இந்திய வம்சாவளி ஆட்டக்காரர்களில் 1998-இல் ஏழாவது பெயராக நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போன மேனி மல்ஹோத்ரா ஒண்டாரியோ லீக்கில் ஆடியவர். அவர் என்எச்எல்லில் 991 ஆட்டங்கள் ஆடினார்.

அமெரிக்கக் கல்லூரிப் பாதையில் ஆட்டங்கள் குறைவு, உடற்பயிற்சி நேரம் அதிகம், முடிவில் பட்டம் கையில் இருக்கும். முதல் பிரிவில் அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் உள்ளன. இருபது வயதைத் தாண்டி முதலாண்டில் சேர்வது அங்கே சாதாரணம். சிங்கப்பூர்ப் பையனுக்கு இந்தக் கடைசித் தகவல்தான் எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. சேவையை முடித்து வருபவரை வயது காரணமாக ஒதுக்காத ஒரே பெரிய கதவு இது. முன்பெல்லாம் கனடிய இளையோர் லீக்கில் ஆடியவர் இந்தக் கல்லூரி அணிகளில் ஆட முடியாது. 2024 நவம்பரில் எடுத்த முடிவின்படி 2025 ஆகஸ்ட்டிலிருந்து அந்தத் தடை நீங்கியது. முன்பு ஒன்றைத் தேர்ந்தால் மற்றது போய்விடும். இப்போது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் ஈட்டும் விளம்பர வருமானத்தை எண்ணிப் போகக் கூடாது. விசா விதிகள் அதற்கு இடங்கொடுப்பது கடினம்.

ஐரோப்பியக் கழகங்கள் மூன்றாவது வழி. சுவீடன், பின்லாந்து, சுவிட்சர்லாந்து நாடுகளில் சிறுவர் அணி முதல் முதல்நிலை அணிவரை ஒரே கழகத்துக்குள் ஏறிப்போகலாம். பெரியவர்களுக்கு எதிராகச் சிறுவயதிலேயே ஆடவும் வாய்ப்பு வரும். டிராஃப்ட்டுக்கான வயதுக் கணக்கில் சில நாள் தள்ளிப் பிறந்த மேத்யூஸ், காத்திருந்த ஓராண்டைச் சூரிச்சில் பெரியவர் அணியில்தான் கழித்தார். ஆனால் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு உள்ள லீக்குகளில் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர், கனடாவிலிருந்து வரும் தேர்ந்த ஆட்டக்காரரோடு ஒரே இடத்துக்குப் போட்டியிட வேண்டும்.

டிராஃப்ட்டும் அதைத் தாண்டிய வழியும்

செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்தவர் அந்த ஆண்டின் டிராஃப்ட்டுக்குத் தகுதி பெறுகிறார். மேத்யூஸ் பிறந்தது செப்டம்பர் 17. இரண்டே நாளில் அவர் ஓராண்டு பின்னுக்குப் போனார். 32 அணிகள், ஏழு சுற்று, மொத்தம் 224 பெயர்கள். வட அமெரிக்க ஆட்டக்காரருக்கு 20 வயதுவரையும் மற்றவருக்கு 21 வரையும் வாய்ப்புத் தொடரும். தொடக்கக் கல்லூரி முடித்துச் சேவைக்குப் போகும் சிங்கப்பூர்ப் பையன் இந்த ஆண்டுகளைப் பெரும்பாலும் சீருடையில் கழிப்பான்.

ஆனாலும் டிராஃப்ட்டில் பெயர் வராதவருக்கு வழி அடைபடுவதில்லை. 1989-இல் வாஷிங்டன் அணிக்கு ஆடி என்எச்எல்லின் முதல் இந்திய வம்சாவளி ஆட்டக்காரரான ராபின் பாவா அப்படி வந்தவர். சர்ரே நகரத்து அர்ஷ்தீப் பெயின்ஸ் 2021-22 பருவத்தில் மேற்குக் கனடிய லீக்கில் அதிகப் புள்ளி எடுத்து, அதே பருவத்தில் வேன்கூவர் அணியோடு ஒப்பந்தம் செய்து, 2024 பிப்ரவரியில் முதல் என்எச்எல் ஆட்டம் ஆடினார்.

எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதும் கணக்கில் வரும். முன்கள ஆட்டக்காரருக்கு 18 முதல் 21 வரை பொன்னான வயது. கோல்காப்பாளர் தாமதமாகவே முதிர்கிறார். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிய டிம் தாமஸ் பல ஆண்டுகள் பின்லாந்திலும் சுவீடனிலும் சுற்றி, முப்பதைக் கடந்த பிறகே பாஸ்டன் அணியில் நிலைத்தார். 2011-இல் 37 வயதில் ஸ்டான்லி கோப்பையை வென்று, அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். சேவையில் இரண்டு ஆண்டு போகும் என்று தெரிந்த பையனுக்குக் கோல்காப்பு நாட்டமும் இருந்தால், அதையே தேர்வது புத்திசாலித்தனம்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு

முதல் ஒப்பந்தத்தின் நீளத்தை வயதே முடிவு செய்கிறது. 18 முதல் 21 வயதில் கையெழுத்திடுபவருக்கு மூன்று ஆண்டு, 22, 23-இல் இரண்டு, 24-இல் ஒன்று. சேவையும் நான்காண்டுக் கல்லூரியும் முடித்து வருபவருக்கு 24 ஆகிவிடும். திறமையைக் காட்ட ஒரே பருவம்தான். ஆனால் அதில் தேறினால் அடுத்த பேரத்துக்கு விரைவில் உட்காரலாம். பெரும்பாலோர் என்எச்எல்லுக்கு ஒரு படி கீழேயுள்ள அமெரிக்கன் ஹாக்கி லீக்கிலோ, அதற்கும் கீழேயுள்ள இசிஎச்எல்லிலோ தொடங்குகிறார்கள். அங்கேயே காலம் முழுவதும் ஆடி நல்ல வாழ்க்கை அமைத்துக்கொண்டவர்களும் உண்டு. 27 வயது, அல்லது என்எச்எல்லில் ஏழு பருவம் ஆனதும் ஆட்டக்காரர் தாமே அணியைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஆட்டம் முடிந்த பின் பயிற்றுநர் பாதை திறக்கிறது. மல்ஹோத்ரா 2025-இல் அபட்ஸ்ஃபோர்ட் அணியின் தலைமைப் பயிற்றுநராக அமெரிக்கன் ஹாக்கி லீக்கின் கால்டர் கோப்பையை வென்றார். பெயின்ஸ் அந்த அணியில் ஆடினார்.

பெண்பிள்ளைகளுக்கு

தேசிய சேவை இல்லாததால் 18 வயதிலேயே நேராக அமெரிக்கக் கல்லூரி அணிக்குப் போகலாம். மகளிர் தொழில்முறை லீக்கான பிடபிள்யூஎச்எல்லில் ஆடுவோர் பெரும்பாலும் அவ்வழியே வந்தவர்கள்தாம். 2024 ஜனவரியில் ஆறு அணிகளோடு தொடங்கிய அந்த லீக் 2025-26 பருவத்தில் எட்டாக வளர்ந்தது. அணிகள் குறைவு என்பதால் போட்டி கடுமை. அதனால் பட்டத்தையும் ஆட்டத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு

சிங்கப்பூர் 1996 முதல் அனைத்துலக ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் உறுப்பினர். தென்கிழக்காசிய விளையாட்டுகளில் ஐஸ் ஹாக்கி 2017-இல் முதன்முதலாகச் சேர்ந்தது. படிப்பையோ வேலையையோ விடாமல் தேசிய அணிக்கு ஆட விரும்புபவர் பதின்மூன்று வயதில் எங்கும் போக வேண்டியதில்லை. ஹாக்கி மட்டையே போதும், பனி வேண்டாம் என்பவருக்குத் திடல் ஹாக்கியில் இன்னும் உறுதியான வழி இருக்கிறது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் அணி அந்த ஆட்டத்தில் ஆடியது. இன்று செங்காங்கில் அதற்கென்றே ஒரு விளையாட்டரங்கம் உண்டு. டோபி காட்டிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் மாறாமலே செங்காங்குக்குப் போகலாம்.