போர்வெல் தண்ணீரில் நுரைக்காத சோப்பு

கேள்வி: மெட்ரோ தண்ணீரில் நன்றாக நுரைக்கும் குளியல் சோப்பு, போர்வெல் தண்ணீரில் திரிந்து போகிறதே, ஏன்?
– ஒரு வாசகி, அடையாறு

பதில்: எண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு காய்ச்சினால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். சோப்பு மூலக்கூறின் வால் எண்ணெய்ப் பிசுக்கில் புதையும். தலை தண்ணீரை நாடும். இப்படிப் பல மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு பிசுக்கைத் துளித்துளியாகப் பெயர்த்துவிடும். போர்வெல் நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்தத் தலையைப் பற்றிக்கொள்கின்றன. விளைவு, கரையாத வெள்ளைத் திப்பி. பக்கெட்டில் படியும் கறையில் பாதி உங்கள் சோப்புதான்!

சலவைத்தூளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் மூலப்பொருளான லீனியர் ஆல்கைல் பென்சீன் நம் மணலியிலேயே, தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில் தயாராகிறது. சீயக்காயில் நுரை தரும் சப்போனினும் உப்புத் தண்ணீருக்கு அவ்வளவாக அசராது. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு என் ஓட்டு அதற்கே.