ஜனநாயகம் நோயுறுவதும் தேறுவதும்

கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலை உச்சியில் ஏற்றப்படும் மகாதீபம் பதினொரு நாட்கள் எரிகிறது. ஏற்றும் அன்று ஊரே திரண்டு நின்று வணங்குகிறது. ஆனால் முதல் நாள் ஏற்றியதால் மட்டும் அது அணையாமல் நிற்பதில்லை. பின்வரும் நாட்களிலும் காடாத் துணித் திரியையும் நெய்யையும் சிலர் பேணி வருவதாலேயே நிற்கிறது. ஜனநாயகத்தின் இயல்பும் இதுவே. அதற்கு வரும் நோய்கள் பல. நம் அங்கத்தினர்களுக்குப் பயன்படுமாறு இரண்டை மட்டும் இங்கு ஆராய்வோம்.

முதல் நோய், உரிய காலத்தில் தேர்தல் நடவாமை. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம், பஞ்சாயத்துகளின் காலம் ஐந்தாண்டு என்றும், அது முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் விதித்தது. எனினும் தமிழகத்தில் 2016 அக்டோபரில் காலம் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை. இட ஒதுக்கீடு, வார்டு எல்லை ஆகியவை பற்றிய வழக்குகளில் ஆண்டுகள் கழிந்தன. நம் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்கள் 2019 டிசம்பரில்தான் வாக்களித்தன. இடையில் மூன்றாண்டுகள் தனி அலுவலர்களே பொறுப்பில் இருந்தனர். 2025 சனவரியில் அந்த மன்றங்களின் காலம் முடிந்தபோதும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர்.

தனி அலுவலர் திறமையற்றவர் என்பது நம் வாதமன்று. அவர் குழாயைச் சீர்செய்யலாம். விளக்கும் எரியச் செய்யலாம். ஆனால் அவர் கணக்குச் சொல்வது மேலிடத்திற்கு. தேர்ந்தெடுக்கப்பட்டவரோ மறுமுறை நம் வாசலுக்கே வந்தாக வேண்டும். வேற்றுமை இவ்வளவுதான்; ஆயினும் இது பெரிது. சட்டத்தில் எழுதியிருப்பது தானே நடந்துவிடாது, கேட்போர் இருந்தால்தான் நடக்கும் என்பதை இதிலிருந்து கற்கிறோம். 2019 தேர்தலும் பல வழக்குகளுக்குப் பின், உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டியே வந்தது.

இரண்டாம் நோய் இன்னும் நுட்பமானது. தேர்தல் நடக்கும், ஆனால் அங்கத்தினர் உறங்குவர். ராபர்ட் மிக்கெல்ஸ் என்னும் அறிஞர், ஜனநாயகத்தையே கொள்கையாகக் கொண்ட கட்சிகளை ஆராய்ந்து, 1911இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்த அமைப்பிலும் அதிகாரம் மெல்ல மெல்லச் சிலர் கையில் சேர்ந்துவிடும் என்பது அவர் முடிவு. தலைவர்களுக்கு விவரம் தெரியும், மற்றவர்களுக்கு நேரமில்லை, சிலர் கை ஓங்க இதுவே போதும்.

இதை நாமே கண்டிருக்கிறோம். ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்தபோது, மகாசபை கூடியதாக மினிட் புத்தகத்தில் எழுதியிருந்தது. கோரத்திற்கு வேண்டிய கையெழுத்துகளும் இருந்தன. சரியென்று குறித்துவிட்டு எழுந்தோம். வாயிலில் பாவு சுமந்து வந்த முதியவர் ஒருவர், “கூட்டம் எப்போது நடந்தது, ஐயா? புத்தகந்தானே எங்கள் வீட்டுக்கு வந்தது!” என்றார். வெட்கினோம். குறித்ததை அடித்துவிட்டு மீண்டும் விசாரித்தோம். குற்றம் நிர்வாகிகளுடையது மட்டுமன்று. கேளாமல் கையெழுத்திட்டவர்களுக்கும், கேளாமல் குறித்த நமக்கும் அதில் பங்குண்டு. அடுத்த மகாசபை மெய்யாகவே கூடிற்று. நூல் இருப்பைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன. பதில் சொல்ல வேண்டியவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள்.

சங்கம் தளர்ந்தால் அங்கத்தினருக்கு இரு வழிகள் உண்டு என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலால் அறிகிறோம்: விலகிப் போவது, அல்லது குரல் எழுப்புவது. நெசவாளர் தனி முதலாளியிடம் பாவு வாங்கப் போவதும், விவசாயி மணிலாவை வாசலிலேயே வியாபாரிக்கு அளந்துவிடுவதும் விலகல். விலகுவது எளிது. ஆனால் கேட்கத் தெரிந்தவர்கள் முதலில் விலகினால், எஞ்சியோருக்காகக் கேட்பவர் யார்?

நோய்க்கு மருந்தும் பழையதே. வந்தவாசிக்கு அப்பால், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலையால் வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் விதிகள் அவற்றில் உள்ளன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர் என விலக்கப்பட்டனர். 919இல் வகுத்த விதிகள் 921இலேயே திருத்தப்பட்டன என்பது கருதத்தக்கது. குறை கண்டவுடன் விதியைப் புதுப்பித்தார்கள். ஆனால் அது அந்தணர் சபை; பெண்களுக்கும் உழுகுடிகளுக்கும் அதில் இடமில்லை. நம் சங்கத்திலோ, பங்கு ஒன்றானாலும் நூறானாலும் ஒருவருக்கு ஒரு வாக்கே. முன்னோர் பெறாத அந்த உரிமையை நாம் பயன்படுத்தாமல் விடலாமா?

படிப்பு வட்டங்களில் விவாதிக்கச் சில கேள்விகள்:

1. நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவினுடைய காலம் என்று முடிகிறது?

2. சென்ற மகாசபைக்கு நாம் நேரில் சென்றோமா, கையெழுத்து மட்டும் சென்றதா?

3. தனி மகாசபை கோர எத்தனை அங்கத்தினர் எழுதிக் கேட்க வேண்டும்? துணைவிதிப் புத்தகத்தைப் பார்த்து விடை எழுதுக.

மூன்றிற்கும் விடை சொல்லக் கூடியவர் பத்துப் பேர் ஒரு சங்கத்தில் இருந்தால், அந்தச் சங்கத்தின் விளக்கு எளிதில் அணையாது.