சோறும் உடல்நலமும்

சோற்றைக் கைவிட்டால் நோய் நீங்கும் என்னும் எண்ணம் இந்நாளில் நம்மவரிடையே பரவி வருகின்றது. நீரிழிவு உண்டென வைத்தியர் கூறிய மறுநாளே சோற்றுப்பானையைப் பகையாகக் கருதுவோர் பலர். வகுப்பறையில் காபோவைதரேற்று என்றும் வழக்கில் மாச்சத்து என்றும் பெயர்பெற்ற இவ்வுணவுக்கூறு உடலினுள் ஆற்றும் பணியை அறிந்தபின் அதனைத் தீர்ப்புக் கூறுதலே முறையாகும்.

சோற்றிலுள்ள மாப்பொருள் என்பது குளுக்கோசு மூலக்கூறுகள் கோவையாய் இணைந்த சங்கிலியேயாம். வாயில் உமிழ்நீர் அதனை அறுக்கத் தொடங்கும். சிறுகுடலில் அவ்வேலை நிறைவுறும். விடுபட்ட குளுக்கோசு இரத்தத்திற் கலக்க, இன்சுலின் அதனை உயிரணுக்களுட் செலுத்துகின்றது. எஞ்சியது ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படும். மூளை மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசை எரிக்கின்றது. போதிய மாச்சத்துக் கிடையாவிடின் உடல் தன் தசையிலுள்ள புரதத்தையே கரைத்து அதனை ஆக்கிக்கொள்ளும். வளருங் குழந்தைக்கு இது பெருங்கேடன்றோ? முட்டையும் மீனும் கொடுத்து, சோற்றை மட்டும் குறைத்தால், விலைகொடுத்து வாங்கிய புரதம் விறகாக எரிந்துபோகும்.

ஆயின் எல்லா மாச்சத்தும் ஒரு தன்மையனவல்ல. கிளிநொச்சி மாவட்டத்தில், ஜெயபுரத்தை உள்ளடக்கிய பூநகரிப் பகுதிக்குப் பெயர் தந்த நெல் மொட்டைக்கறுப்பன். மழையை நம்பிக் காலபோகத்தில் விளையும் சிவப்பரிசி அது. அதனை அவித்துக் காயவைத்துக் குற்றுவது நம் முன்னோர் வழக்கம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியினுள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர்த் தவிடு சிறிது போயினும் அது முற்றும் இழக்கப்படுவதில்லை. பச்சையரிசியை வெள்ளைவெளேரெனத் தீட்டினாலோ தவிடும் நாரும் உயிர்ச்சத்தும் ஒருங்கே நீங்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாவாத் தீவில் ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும் தீட்டாத அரிசி தின்று தேறுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் மூலம் இவ்வாறு புலப்படத் தொடங்கியது. 1929இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. எங்கள் கிராமத்துப் பாட்டிமார் பரிசொன்றும் பெறாமலே நெல் அவித்தனர்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது. கோதுமை மாவும் பாணும் மெல்ல மெல்லக் கிராமங்களையும் சென்றடைந்தன. 1980இல் திருகோணமலையில் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கியபின் வெள்ளை மா எக்கடையிலும் கிடைக்கும் பொருளாயிற்று. வன்னி மக்கள் 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தலைந்த காலத்தில் அரிசியும் மாவும் சீனியும் பருப்புமே உயிர்காத்தன. அக்காலத்தில் அது குறையன்று. வயலுக்கும் தோட்டத்துக்கும் மீண்டபின்னும் அதே தட்டு தொடர்வதுதான் குறை.

இன்னொன்றையும் கருதவேண்டும். மண்வெட்டி பிடித்து நாள்முழுதும் வரம்பு கட்டியவன் உண்ட சோறு மாலைக்குள் எரிந்துவிடும். உழவு இயந்திரத்தில் ஏறியிருப்பவனும் கந்தோர் மேசையில் அமர்ந்திருப்பவனும் அதே அளவு சோற்றை உண்டால் மிகுதி கொழுப்பாகும். இதனினும் பெரிய கள்வன் தேநீர்க் கோப்பையில் ஒளிந்திருக்கின்றான். கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனியாக நாளுக்கு ஆறு கோப்பை அருந்தினால் ஏறத்தாழ 60 கிராம் சீனி உட்செல்லும். நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த எல்லையோ சுமார் 50 கிராம். அதே நிறுவனம் 2023இல், முழுத்தானியம், பயறு, காய்கனி ஆகியவற்றினின்றே மாச்சத்தைப் பெறுமாறும், வளர்ந்தோர் நாளொன்றுக்கு 25 கிராம் நாரேனும் உண்ணுமாறும் கூறிற்று.

நார் மாப்பொருளின் வேகத்தைத் தடுத்து, இரத்தத்திற் குளுக்கோசு திடீரென உயராமற் காக்கும். குரக்கன் பிட்டும் அவித்த பயறும் முருங்கையிலைச் சுண்டலும் இதற்கு உதவுவன. ஒடியற்கூழை எடுத்துக்கொள்ளுங்கள்: பனங்கிழங்கின் மாவில் பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை, மீன், நண்டு யாவும் சேர்ந்து, மாச்சத்தும் புரதமும் நாரும் ஒரு சட்டியிலே வேகின்றன. தட்டில் அரைப்பங்கு காய்கறியும் கீரையும், கால்பங்கு மீன் அல்லது பருப்பு, எஞ்சிய கால்பங்கு சிவப்பரிசிச் சோறு என வைத்தால் சோற்றை வெறுக்க வேண்டுவதில்லை.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சீனியைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுப்போர் வைத்தியரைக் கேளாமல் சோற்றைத் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்க, இரத்தத்தில் குளுக்கோசு வீழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றும். நினைவு இருக்குமாயின் மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்து உடனே பருகச் செய்க; நினைவு தப்பியிருப்பின் வாயில் ஒன்றும் ஊற்றாது, ஒருக்களித்துக் கிடத்தி, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.