வாடகைக்கு ராஜா உடை

கொல்கத்தாவில் சித்பூர் ரோடு என்று ஒரு பழைய தெரு இருக்கிறது. இப்போது அதன் பெயர் ரவீந்திர சரணி. கவிஞர் தாகூர் பிறந்த வீடு அதை ஒட்டித்தான் இருக்கிறது.

நமக்குத் தெருக்கூத்து போல, வங்காளிகளுக்கு 'ஜாத்ரா' நாடகம். ஜாத்ரா கம்பெனிகள் பல இந்தத் தெருவில்தான் இருக்கின்றன. ராஜா உடை, கிரீடம், வாள், டோப்பா எல்லாம் இங்கே வாடகைக்குக் கிடைக்கும். நாடகம் முடிந்த பிறகு ராஜா உடையை வீட்டில் வைத்து என்ன செய்வது?

நம் ஊரிலும் பள்ளி ஆண்டு விழாவுக்கு இப்படித்தான் உடை எடுக்கிறோம். இப்போது கல்யாண உடையும் வாடகைக்கு வந்துவிட்டது.

இது லாபமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடையின் விலை 6,000 ரூபாய், வாடகை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரே முறை உடுத்தினால் 4,800 ரூபாய் மிச்சம். ஐந்து முறை எடுத்தால் 6,000 ரூபாய் ஆகிவிடும். அதற்குச் சொந்தமாகவே வாங்கிவிடலாம். கடைக்காரருக்கோ ஐந்து வாடகையில் போட்ட பணம் வந்துவிடும். சலவைக் கூலியும் தையல் கூலியும் அவருக்குத் தனிச் செலவு.

வாடகையோடு டெபாசிட் பணமும் கேட்பார்கள். உடை கிழிந்தால் அதில் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே கடையிலேயே உடையை விரித்துப் பாருங்கள். பழைய கிழிசல் இருந்தால் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.