அறைக்கொரு சென்சார், ஆனால் ஒரே கோப்பா?

ஈஎஸ்பிஹோமில் அறைக்கொரு டிஹெச்டி22 வைத்திருப்பவர்களின் யாமல் கோப்புகளில் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருக்கும்: வைஃபை, ஓடிஏ, லாகர், ஏபிஐ, அப்புறம் வெப்பமும் ஈரப்பதமும். அறையின் பெயரும் பின் எண்ணும்தான் வேறு. ஒரு ஃபில்டரை மாற்ற எல்லாக் கோப்பையும் திறக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அந்த அறையின் வரைபடம் மட்டும் தனியாகத் துள்ளும்.

இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. எது அதிக வரிகளைக் குறைக்கும் என்று தேடாதீர்கள். இந்த வரி நாளை மாறினால் எங்கெல்லாம் சேர்ந்து மாற வேண்டும் என்று பாருங்கள்.

ஒரே கோப்புக்குள் நாலு சென்சாருக்கு ஒரே அமைப்பு என்றால் யாமலின் ஆங்கரே போதும். & போட்டுப் பெயர் வைத்து, * போட்டு அழைக்கலாம். புள்ளியில் தொடங்கும் மேல்மட்டப் பெயரை ஈஎஸ்பிஹோம் கண்டுகொள்ளாது. பொது வரிகளை அதன்கீழ் வைக்கலாம். ஆனால் ஆங்கர் அந்தக் கோப்பைத் தாண்டி வராது. << கொண்டு இணைத்த பிறகு சென்சாரில் ஃபில்டர் பட்டியலை மறுபடி எழுதினால், பொதுப் பட்டியலோடு அது சேராது; பொதுப் பட்டியலே போய்விடும்.

கருவிகள் பல என்றால், பொதுக் கோப்பை ஒவ்வொன்றிலும் சேர்க்கும் பேக்கேஜ்தான் என் தேர்வு. வைஃபை, ஓடிஏ, லாகர் ஒரு கோப்பில், சென்சார் இன்னொன்றில். அறைப்பெயரும் பின் எண்ணும் டாலர் குறியோடு சப்ஸ்டிட்யூஷனாக நிற்கும். ஒவ்வொரு கருவிக்கும் சில வரிகளே மிஞ்சும். ஒரு அறைக்கு மட்டும் ஏதாவது மாற வேண்டுமென்றால், சென்சாருக்கு ஐடி கொடுத்து !எக்ஸ்டெண்ட் மூலம் அந்த ஒன்றை மாற்றலாம். ஒரே பலகையில் இரண்டு சென்சார் இருந்தால், !இன்க்லூடுடன் வேரியபிள் அனுப்பி ஒரே கோப்பை இருமுறை சேர்க்கலாம். ஐடியிலும் அந்த வேரியபிள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் மோதும்.

ஹோம் அசிஸ்டென்ட் பக்கத்தில் !இன்க்லூட் கோப்பைப் பிரிக்கும், வேரியபிள் எடுக்காது. அங்கே திரும்பத் திரும்ப வரும் டெம்ப்ளேட் கணக்குக்கு மேக்ரோ, ஆட்டோமேஷனுக்கு ப்ளூபிரிண்ட். பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிக் கோப்புகளை உருவாக்குவதை, வேறு எதுவும் முடியாதபோது மட்டும் யோசியுங்கள். ஸ்கிரிப்டையும் யாராவது பராமரிக்க வேண்டுமே.

எந்த வழியானாலும் சென்சாரின் பெயர் எழுத்துக்கு எழுத்து பழையபடியே வர வேண்டும். பெயர் மாறினால் ஹோம் அசிஸ்டென்ட் அதைப் புதிய சென்சாராக எடுத்துக்கொள்ளும். பழைய வரலாறு தனியே நின்றுவிடும். ஈஎஸ்பிஹோமின் கான்ஃபிக் கட்டளை எல்லாவற்றையும் விரித்த முழு வடிவத்தைக் காட்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதை எடுத்து ஒப்பிடுங்கள்.

பிறகு, எளிதில் கையெட்டும் ஒரு பலகைக்கு மட்டும் ஏற்றிப் பாருங்கள். பொதுக் கோப்பின் வைஃபை வரியில் பிழை இருந்து, எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக ஓடிஏ போய்விட்டால், ஒவ்வொரு பலகையையும் கழற்றி யூஎஸ்பி கேபிளில் மீட்க வேண்டி வரலாம்.